உள்கண்ணாடியில் ஒரு கை

காற்றை உறிஞ்சி எடுத்தால் முதலில் போவது சத்தம். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் தங்கள் செய்மதியை எங்கள் பீப்பாவுக்குள் வைத்துக் கதவை மூடிய நாளில்தான் அதை நான் கவனித்தேன்.

செய்மதி, அதாவது செயற்கைக்கோள் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு றாத்தல் பாண் ரொட்டியைவிடச் சற்றே பெரிய பெட்டி. நான்கு பக்கமும் கருநீலச் சூரியத் தகடுகள், ஒரு முனையில் பெருவிரல் நகம் அளவு கமெரா வில்லை. சோதனைக்காக அதன் முதுகில் ஒரு சின்ன மணியை ஒட்டியிருந்தார்கள். சில விநாடிகளுக்கு ஒருமுறை அது 'பீப்' என்று கத்தும், கூடவே ஒரு பச்சை விளக்கு மினுங்கும். பம்பு வெளிக்கொட்டகையில் இருந்ததால் அறை அமைதியாகவே இருந்தது. கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றோம். 'பீப்' மெலிந்தது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் கேட்பதுபோல் ஆனது. பிறகு இல்லை. விளக்கு மட்டும் விடாமல் மினுங்கியது. புறப்பட்டுவிட்ட பஸ்ஸின் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் எதையோ சொல்லி வாயசைப்பதைப் பார்ப்பதுபோல் இருந்தது எனக்கு.

எங்கள் பெக்டரி தலவாக்கலையிலிருந்து வட்டகொடைக்குப் போகும் வழியில், ரயில் பாதைக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே வெந்நீரில் கரையும் தேயிலைத்தூள் செய்தார்கள். காய்ச்சிய சாயத்தைத் தட்டுகளில் ஊற்றி உறையவைப்பார்கள். ஒரு பெரிய இரும்புப் பீப்பாவுக்குள் அவற்றை அடுக்கிக் காற்றை எடுத்துவிட்டால், பனிக்கட்டி தண்ணீராகாமல் நேரே ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது தூள். அந்த வியாபாரம் நிலைக்கவில்லை. பீப்பா பல வருடம் சும்மா கிடந்தது. கடும் குளிர், கடும் சூடு, காற்றில்லாமை மூன்றையும் ஒரே இடத்தில் உண்டாக்கக்கூடிய பாத்திரம் இந்த மலையில் துருப்பிடித்துக் கிடப்பதை எப்படியோ ஒரு விரிவுரையாளர் கண்டுபிடித்தார். விண்வெளியில் இருப்பதும் அந்த மூன்றும்தானே. முதலாளியிடம் பேசினார், புதுப் பம்பு பூட்டினார், செய்மதியை வைக்க ஒரு செம்புத் தட்டுப் போட்டார். ஹட்டனில் குளிரூட்டி வேலை படித்துவிட்டு அதே பெக்டரியில் குளிர் அறையைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை அந்தப் பீப்பாவுக்குப் பொறுப்பாக்கினார்கள்.

பீப்பாவுக்குள் ஒரு ஆள் குனிந்தபடி நிற்கலாம். கதவு வட்டமானது. அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. சாத்திவிட்டுப் பம்பைப் போட்டால் வெளிக்காற்றே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பத்துப் பேர் சேர்ந்து இழுத்தாலும் வராது. கதவின் நடுவே ஒரு ஜன்னல், இரண்டு அடுக்குக் கண்ணாடி. வெளிக்கண்ணாடி தடிப்பானது. உள்கண்ணாடி, பீப்பாவின் உள்ளே ஓடும் குளிர்த்தகட்டோடு ஒட்டியிருக்கும். தகடு குளிர்ந்தால் அதுவும் குளிரும்.

அப்பாவும் அந்த பெக்டரியில், அதே பீப்பாவில் வேலை பார்த்தவர்தான். நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம், ஒருநாள் திடீரென்று மெஷின் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மலையில் கவ்வாத்து வெட்டப் போய்விட்டார். கூரைக்குக் கீழே நின்று செய்யும் வேலையை விட்டுவிட்டு மழையில் தேயிலைச் செடி வெட்டப்போன மனிதரை லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அம்மா பல வருடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சண்டை பிடித்தார். அப்பா பதில் சொன்னதே இல்லை.

சோதனை இப்படித்தான். உள்ளே குளிரைக் கூட்டிக்கொண்டே போவார்கள், பல மணி நேரம் அப்படியே வைத்திருப்பார்கள். பிறகு சூட்டை ஏற்றுவார்கள். மறுபடி குளிர். பூமியின் நிழலுக்குள் போவதும் வெயிலுக்கு வருவதுமாகச் செய்மதி அங்கே சுற்றும்போது அதற்கு நடக்கப்போவதை இங்கே முன்கூட்டியே நடத்திப் பார்ப்பது. பிள்ளைகள் முறை வைத்துக் கணினியின் முன் உட்கார்ந்திருந்தார்கள். பகல் முறை எனக்கு. என்னோடு யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி இருந்தாள், கடைசி வருடம் படிப்பவள். குளிர் தாங்காமல் இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் சால்வையும் சுற்றியிருப்பாள்.

இரண்டாம் நாள் பிற்பகல் நான் கொட்டகையில் பம்பின் எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மூடுபனி இறங்கி, எதிர் மலை இல்லாமல் போயிருந்தது. அவள் வாசலில் வந்து நின்றாள். ஓடி வந்தவள்போல் இல்லை. மெதுவாக, சத்தம் போடக்கூடாத இடத்தில் நடப்பதுபோல் வந்தாள்.

"அக்கா, ஒருக்கா வந்து பாருங்கோ."

"என்னம்மா? அளவு ஏதும் கூடிருச்சா?"

"அதில்லை. உள்ளுக்கு ஆரோ நிக்கிற மாதிரிக் கிடக்கு."

சிரிக்கத்தான் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை.

உள்கண்ணாடி முழுக்க வெண்பனி பூத்திருந்தது. அது எதிர்பார்த்ததுதான். சுவர்களில் ஒட்டியிருக்கும் ஈரம் காற்றில்லாத இடத்தில் கிளம்பிவந்து, குளிர்ந்த கண்ணாடியில் படியும். பீப்பாவுக்குள் இருந்த சின்ன விளக்கின் வெளிச்சத்தில் அந்த வெண்மை பால்போல் தெரிந்தது. அதன் நடுவில் ஒரு கை. விரல்களை அகல விரித்து, உள்ளேயிருந்து கண்ணாடியை அழுத்தும் கை. அந்த இடத்தில் மட்டும் பனி இல்லை. உள்கை, விரல்கள், கட்டைவிரலின் அடி மேடு எல்லாம் தெளிவாக இருந்தன. கையின் வடிவத்தில் விளக்கு வெளிச்சம் எங்கள்மேல் விழுந்தது.

பிறகு அவள் தன் கைகளைத் தூக்கிக் காட்டினாள். "நான் தொடவேயில்லை அக்கா. நாங்கள் எல்லாரும் கையுறை போட்டுத்தானே வேலை செய்தனாங்கள்."

அன்று மாலை சூட்டை ஏற்றினார்கள். பனி ஆவியாகிப் போனது, கையும் போனது. கண்ணாடி சுத்தமாக இருந்தது. ரோர்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன், ஒரு கோடுகூட இல்லை. மறுநாள் காலை மறுபடியும் குளிர். பத்தரை மணிபோல் பனி பூக்கத் தொடங்கியது. ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பூத்து வந்து, சரியாக அந்த விரல் நுனிகளில் நின்றது. அதே இடம், அதே கை.

செய்தி பெக்டரிக்குள் பரவிவிட்டது. கூட்டிப் பெருக்க வரும் அக்கா அறை வாசலில் திருநீறு போட்டுவிட்டு, அதற்குமேல் ஒரு அடி வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வாட்ச்சர் தன் கழுத்திலிருந்த சிலுவையைச் சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டார். அன்று மதியம் விரிவுரையாளர் கொழும்பிலிருந்து வந்தார். கண்ணாடி முன்னால் நின்று, தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு சிங்களத்தில் எனக்கு விளக்கினார். கதவு ரப்பருக்குப் பூசும் கிரீஸ் பட்ட கையை யாரோ கண்ணாடியில் வைத்திருக்கிறார்கள், அந்தக் கிரீஸ் எத்தனை வருடமானாலும் போகாது, கண்ணுக்கும் தெரியாது, ஆனால் அது இருக்கும் இடத்தில் பனி ஒட்டாது என்றார். அவருக்கு அந்தக் கையைப் பற்றிக் கவலையில்லை. கிரீஸ் ஆவியாகிப் போய் செய்மதியின் கமெரா வில்லையில் படிந்தால் படமெல்லாம் மங்கிவிடும் என்பதுதான் கவலை. சோதனையை நிறுத்திச் சுத்தம் செய்யச் சொன்னார்.

எல்லோருக்கும் நிம்மதி. பேயில்லை, கிரீஸ். யாழ்ப்பாணத்துப் பெண் முதல்முறையாகப் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள்.

"அக்கா, இந்த விரலைப் பாருங்கோ. பாதியிலயே நிக்குது."

அதுவரை நான் மொத்தக் கையையும்தான் பார்த்திருந்தேன். ஒவ்வொரு விரலாகப் பார்க்கவில்லை. மோதிர விரல் நடுக்கணுவோடு முடிந்திருந்தது. நுனி அழுந்தவில்லை என்று நினைக்க முடியாதபடி, வெட்டுப்பட்டு ஆறிய முனையின் உருண்டை வடிவம்கூடப் பனியில் இருந்தது.

அந்த விரலை எனக்குத் தெரியும். சின்ன வயதில் ரோட்டைத் தாண்டும்போதெல்லாம் அதைத்தான் பிடித்துக்கொள்வேன், கைக்கு அடக்கமாக இருக்கும். நான் பிறப்பதற்கு முன்பே, கொழுந்து அரைக்கும் ரோலரில் அப்பா பாதி இழந்த விரல் அது.

ஒரு மார்க்கர் பேனாவை வாங்கி, வெளிக்கண்ணாடியில் அந்தக் கையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். சுத்தம் செய்யும்போது இடம் தெரிய வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். வட்டம் கோணலாக வந்தது.

நாலரைக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போனேன். என் அக்காவின் பிரசவத்துக்காக அம்மா வட்டவளைக்குப் போயிருந்தார். அப்பா அடுப்படியில் உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். அவருக்கு வலது காது கேட்காது. மெஷின் சத்தத்தில் போன காது என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். நான் இடது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, அந்தப் பீப்பாக்குள்ள நீங்க எப்பவாச்சும் மாட்டிக்கிட்டீங்களா?"

கத்தி நின்றது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ஒங்க கை அங்க இருக்கு."

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். அது இங்கேதான் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் இருந்தது. நான் பனியைப் பற்றியும் கிரீஸைப் பற்றியும் பாதி விரலைப் பற்றியும் சொன்னேன். முழுக்கக் கேட்டார். கிழங்கைச் சட்டியில் போட்டுவிட்டுக் கையைத் துண்டில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ரப்பருக்குக் கிரீஸ் பூசுறது என் வேல," என்று தொடங்கினார். "பூசிக்கிட்டு இருக்கேன், ஒரு போல்ட்டு உருண்டு தட்டுக்கு அடியில போயிருச்சு. எடுக்க உள்ள போனேன். குனிஞ்சி தடவிக்கிட்டு இருக்கேன், வெளிச்சம் போயிருச்சு. என்னான்னு திரும்புனா, கதவு சாத்தியிருக்கு."

"யாரு சாத்துனது?"

"என்னோட ஒண்ணா வேல செஞ்ச மனுசன். நா உள்ள இருக்கேன்னு தெரியாது. நா வெளிய போயிட்டேன்னு நெனச்சிருப்பாரு. பம்பப் போட்டுட்டாரு."

அவர் பேச்சில் அவசரம் இல்லை. பல தடவை தனக்குள் சொல்லிப் பார்த்த கதைபோல் வரிசையாக வந்தது.

"மொதல்ல காது அடைச்சிச்சு. பஸ்ல நுவரெலியாவுக்கு ஏறுறப்ப அடைக்குமே, அந்த மாதிரி. அப்பறம் இந்தக் காதுல என்னமோ 'டப்'புன்னு கிழிஞ்சிச்சு. கத்துறேன் புள்ள. நா கத்துறது எனக்கே சின்னதாத்தான் கேக்குது. கதவத் தள்ளுனேன், செவுத்தத் தள்ளுற மாதிரி இருக்கு. ஒரு கையால காதப் பொத்திக்கிட்டு மத்தக் கையக் கண்ணாடில வச்சி அமுக்கிக்கிட்டே நின்னேன்."

"அவருக்குத் தெரியலியா?"

அப்பா துண்டை மடித்து மடியில் வைத்தார்.

"கண்ணாடிக்கிட்ட வந்தாரு. என் மூஞ்சிக்கு நேரா அவரு மூஞ்சி. இந்தா, இவ்வளவு தூரம்." பாதி விரலால் காற்றில் அளந்து காட்டினார். "பாத்தாரு. தலமுடியக் கோதிவிட்டாரு. திரும்பிப் போயிட்டாரு."

அடுப்பில் தண்ணீர் பொங்கியது, நான் மூடியைத் தூக்கி வைத்தேன்.

"அப்பறம் எப்படி வெளிய வந்தீங்க?"

"பம்பு நின்னுருச்சு. ஏன் நின்னுச்சுன்னு தெரியாது. ரப்பரு பழசு, காத்து 'உஸ்ஸு'ன்னு உள்ள வர ஆரம்பிச்சிச்சு. கதவு இளகுறவரைக்கும் தோளக் குடுத்துத் தள்ளிக்கிட்டே இருந்தேன். வெளிய வந்து பாத்தா ஒருத்தரும் இல்ல. கரண்டு போயிருக்கும்னு பாத்தா, வெளக்கெல்லாம் எரியுது. அவரு டீ குடிக்கப் போயிருந்தாரு. திரும்பி வந்து, 'எங்கப்பா போயிட்ட, தேடுனேன்'னாரு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"ஏம்ப்பா?"

"கேட்டா 'பாக்கல'ன்னு சொல்லுவாரு. இல்லாட்டி 'பாத்தேன், பயந்துட்டேன்'னு சொல்லுவாரு. ரெண்டுல எதச் சொன்னாலும் அது உண்மையான்னு எனக்குத் தெரியாது. அதான் மலைக்குப் போயிட்டேன்."

அந்த மனிதர் சில வருடங்களுக்குப் பிறகு கொழும்புப் பக்கம் போய்விட்டாராம். உயிரோடு இருக்கிறாரா என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. எனக்கு அந்த மனிதரின் முகம் லேசாக நினைவிருந்தது. தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுவருவார். அப்பா வாங்கிக்கொள்வார், உட்காரச் சொல்லமாட்டார்.

நான் எழுந்து விளக்கைப் போட்டேன். அப்பா கேட்டார்: "இப்ப உள்ள இருந்து தொறக்க வழி இருக்கா?"

"இல்லப்பா. அது செய்மதிக்குத்தானே..."

"கழுவ நீ உள்ள போகணுமா, வேணாமா?"

செய்மதியை வைத்த நாளில்கூட நான் பல தடவை உள்ளே போய் வந்திருந்தேன்.

மறுநாள் அவரும் என்னோடு வந்தார். இருபது வருடத்துக்கு மேலாக அந்தக் கேட்டுக்குள் அவர் கால் வைத்ததில்லை. விரிவுரையாளரிடம் நேராகப் போய், மரியாதையாக, நல்ல சிங்களத்தில் பேசினார். தனக்கு நடந்ததைச் சொல்லவில்லை. உள்ளே ஆள் போகிற இடம் என்றால் உள்ளேயிருந்து நிறுத்த வழி இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். விரிவுரையாளர் அவருடைய விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தலையாட்டினார். தலவாக்கலையிலிருந்து ஒரு ஃபிட்டரை வரவழைத்தார்கள். உள்ளே ஒரு சங்கிலி, இழுத்தால் பம்பு நின்று, காற்றுக் குழாயும் திறந்துகொள்ளும். இரண்டு நாள் வேலை.

அதற்குள் நான் கண்ணாடியைச் சுத்தம் செய்தேன். கதவு மூடாதபடி வாசலில் ஒரு இரும்புக் கம்பியைக் குறுக்கே கட்டிவிட்டு உள்ளே போனேன். கதவு பாதி திறந்திருக்க, உள்பக்கத்திலிருந்து கண்ணாடிக்கு எதிரே குனிந்து நின்றேன். வெறும் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடிமேல் வாயால் ஊதினேன். என் மூச்சின் ஈரம் படியப் படிய, அந்தக் கை விரிந்து வந்தது. ஈரம் காய்ந்ததும் மறைந்தது. மறுபடி ஊதினேன், மறுபடி வந்தது. என் முகத்துக்கு நேரே, அப்பாவுக்கு இப்போது இருக்கும் கையைவிட இளைய கை. தோல் சுருக்கம் இல்லாதது. அன்று அவருக்கு என் வயதுதான் இருந்திருக்கும். அதன்மேல் என் கையை வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்த இடத்தில் நின்றவரின் பயம் இன்னும் ஈரமாக இருப்பதுபோல் பட்டது.

கிரீஸ் போக்கும் மருந்தைத் துணியில் ஊற்றித் துடைத்தேன். ஊதினேன். விரல்கள் போயிருந்தன, உள்கை இருந்தது. துடைத்தேன். ஊதினேன். ஐந்தாவது தடவை கண்ணாடி முழுக்க ஒரே மாதிரி மங்கியது. வெளியே வந்து கைகழுவினேன்.

சங்கிலி பூட்டியதும் முதலில் ஆளில்லாமல், கதவைத் திறந்தே வைத்து, வெளியிலிருந்து கயிறு கட்டி இழுத்துச் சோதித்தார்கள். வேலை செய்தது. பம்பைப் போடாமல் நான் ஒருமுறை உள்ளே போய், கை எட்டுகிறதா என்று பார்க்கிறேன் என்றேன். விரிவுரையாளர் யோசித்துவிட்டுச் சம்மதித்தார், பம்பின் வயரையே கழற்றி வைக்கச் சொன்னார். எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. "உள் வெளக்க அணைச்சிருங்க," என்று மட்டும் சொன்னேன். அப்பாவிடம், "கண்ணாடிக்கிட்ட வந்து நின்னு பாருங்கப்பா," என்றேன்.

கதவு மூடியது. அப்படி ஒரு இருட்டை நான் அறிந்ததில்லை. இருட்டைவிட, சத்தம் நின்ற விதம்தான் என்னை உலுக்கியது. காற்று இருந்தது, மூச்சு விட முடிந்தது, ஆனாலும் என் மூச்சே எனக்குப் பின்னால் வேறு யாரோ விடுவதுபோல் இரும்பில் பட்டுத் திரும்பியது. திரும்பிப் பார்க்கக் கழுத்து மறுத்தது. எதிரே ஜன்னல் மட்டும் வட்டமான பகலாக இருந்தது.

அதில் அப்பாவின் முகம் வந்தது. இரண்டு சாண் தூரம்கூட இல்லை. கன்னத்து மரு, காலையில் சவரம் செய்தபோது பட்ட கீறல் எல்லாம் தெரிந்தன. நான் கையை ஆட்டினேன். அவர் அசையவில்லை. அவருடைய கண்கள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன, ஆனால் என் கண்களைத் தொடவில்லை. கொஞ்சம் மேலே, கொஞ்சம் பக்கத்தில், எதையோ தேடின. இரண்டு கைகளையும் ஆட்டினேன். கண்ணாடியில் தட்டினேன். அவர் கழுத்தைச் சாய்த்தார், கண்ணைச் சுருக்கினார். பிறகு, தன்னை அறியாமல், நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

நான் சங்கிலியை இழுத்தேன். காற்றுக் குழாய் 'டக்' என்று திறந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

"நா கை ஆட்டுனேம்ப்பா. கண்ணாடியத் தட்டுனேன். தெரிஞ்சிச்சா?"

அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல," என்றார். ஜன்னலைப் பாதி விரலால் காட்டி, "என் மூஞ்சிதான் தெரிஞ்சிச்சு," என்றார்.

சுவரோரம் இருந்த மரப்பெட்டியில் போய் உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துப் பெண் ஓடிப்போய் பிளாஸ்கிலிருந்து பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், குடிக்கவில்லை. அவர் அழுததை நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. ஆனால் அவருடைய முகம், நெடுநாள் தூக்கிய மூட்டையை இறக்கியவனின் முகமாகவும் இல்லை. எதையோ தவறாகச் செய்துவிட்டவனின் முகமாக இருந்தது.

"தீவாளிக்கெல்லாம் வந்தாரு," என்றார் என்னிடம். "உக்காருங்கன்னு ஒரு வார்த்த நா சொல்லல."

சோதனை மறுபடி தொடங்கியது. கண்ணாடியில் பனி ஓரத்திலிருந்து நடுவரை இடைவெளியே இல்லாமல் பூத்தது. அந்த ஒரே சீரான வெண்மையைப் பார்க்க எனக்கு ஏனோ முன்பைவிடக் கஷ்டமாக இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் இப்போது என்ன நின்றாலும் தெரியாது. நான்காம் சுற்றில் செய்மதியின் பேட்டரி குளிரில் சோர்ந்துபோனது. பிள்ளைகள் அதைக் கழற்றி, சூடேற்றும் பட்டையைச் சரிசெய்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். இந்த முறை எல்லாச் சுற்றையும் தாண்டியது. அடுத்த வருடம் வேறொரு நாட்டு ராக்கெட்டில் ஏறிப்போய், சில மாதம் மேலே சுற்றிப் படம் அனுப்பியது. பிறகு பேசாமல் போய்விட்டது. பேசுவதை நிறுத்திய பிறகும் வெகுநாள் சுற்றிக்கொண்டுதான் இருக்கும் என்று யாழ்ப்பாணத்துப் பெண் போனில் சொன்னாள்.

அப்பா கொழும்பில் இருந்த பழைய ஆட்கள் இரண்டு பேரிடம் அந்த மனிதரைப் பற்றி விசாரித்தார். ஒருவருக்குத் தெரியவில்லை. மற்றவர், அவர் இறந்து நாலு வருடமாகிறது என்றார். அப்பா போனை வைத்துவிட்டு, அன்று முழுக்க வாசலில் விறகு பிளந்தார். அடுத்த வாரம், காதைக் காட்டலாம் என்று அவராகவே சொன்னார். நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்தப் பம்பு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. குளிரூட்டி படித்தவள் இல்லையா, அதற்கொரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

"அப்பா, பழைய மோட்டர்ல சூடு கூடுனா தானா வெட்டுற ஒரு சுவிச் இருக்கும். அதுதான் வெட்டிருக்கும். அதான் வெளக்கெல்லாம் எரிஞ்சிச்சு, பம்பு மட்டும் நின்னுச்சு."

அவர் இடது காதை என் பக்கம் திருப்பி, பொறுமையாகக் கேட்டார்.

"இருந்திச்சு," என்றார். "சும்மா சும்மா வெட்டிக்கிட்டே இருந்திச்சுன்னு பெக்டரி தொர சத்தம் போட்டாரு. அதுக்கு முந்துன மாசம் நாந்தான் அதக் கழட்டி வச்சேன்."

"அப்ப யாருப்பா நிப்பாட்டுனது?"

"அங்க நாங்க ரெண்டு பேருதான் புள்ள. அவரு டீ குடிக்கப் போயிட்டாரு. நா உள்ள இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். கரண்டு போகவில்லை, சுவிச் இல்லை, ஆளும் இல்லை; என்னிடம் வேறு காரணம் மிச்சமில்லை. பஸ் நானுஓயாவைத் தாண்டி ஏறியது, காது அடைத்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது மழை பெய்துகொண்டிருந்தது. நம்பர் துண்டு வாங்கும் வரிசை வெளியே வரை நீண்டிருந்தது. அப்பா குடையை விரித்து என் கையில் கொடுத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.